சாரி கார்டும் குடக் கொக்கியும்: எங்கள் பேட்டைப் புல்லட்டின் கதை

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலைக் காபி முடிந்து பேப்பரை விரித்த நேரம். முப்பது வயதுக்குள் இருக்கும் ஒரு தம்பி வாசலில் வந்து நின்றார். எங்கள் வீட்டு மாடிப்படிக்குக் கீழே தார்ப்பாய் போர்த்தி நிற்கும் புல்லட்டைப் பற்றி யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். "சார், அறுபத்திநாலு மாடலாமே, பார்க்கலாமா?" என்றார். தார்ப்பாயை எடுத்துக் காட்டினேன். கோவிலைச் சுற்றுவது போல வண்டியை மூன்று சுற்று சுற்றினார். பிறகு செல்போனில் படம் எடுத்துக்கொண்டே சொன்னார்: "எஞ்ஜின் நல்லா இருக்கு சார். இந்த சாரி கார்டு, பின்னாடி கேரியர், இந்தக் கொக்கி, இந்த ரப்பர் எல்லாத்தையும் கழட்டிப் போட்டுட்டா ஒரிஜினல் கண்டிஷனுக்கு வந்துடும்."

நல்ல பையன்தான். பழைய வண்டியின் மேல் உண்மையான பிரியம் வைத்திருப்பவர். ஆனாலும் அவர் சொன்னது எனக்குச் சுருக்கென்றது. கழட்டிப் போடலாம் என்று அவர் விரல் நீட்டிய ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு நாள் இருக்கிறது, ஒரு காரணம் இருக்கிறது. யோசித்துச் சொல்வதாக அவரை அனுப்பிவிட்டேன். யோசித்ததை எழுதியும் வைத்துவிடலாம் என்று தோன்றியது. நம் வயதுக்காரர்களுக்கு இதில் பாதி ஏற்கெனவே தெரிந்ததாக இருக்கும்.

திருவொற்றியூரில் பிறந்த வெள்ளைக்காரன்

ராயல் என்ஃபீல்டு இங்கிலாந்தின் ரெட்டிச் என்ற ஊரைச் சேர்ந்த கம்பெனி. என்ஃபீல்டு என்பது அங்கிருந்த அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலையின் ஊர்ப் பெயர். அந்தத் தொழிற்சாலைக்கு உதிரிபாகம் செய்து கொடுத்த தொடர்பில் வந்த பெயர் அது. துப்பாக்கி இருந்தால் தோட்டாவும் வேண்டுமே, 1932இல் ஒரு மாடலுக்கு 'புல்லட்' என்று பெயர் வைத்தார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, பின் சக்கரத்துக்கு ஸ்விங் ஆர்மும் ஷாக் அப்சார்பரும் வைத்து அதை மாற்றி அமைத்தார்கள். நாம் பார்த்துப் பழகிய உருவம் அதிலிருந்து வந்ததுதான்.

1950களில் எல்லைப் பகுதியில் ரோந்து போவதற்கு நம் ராணுவத்துக்கு உறுதியான மோட்டார் சைக்கிள் தேவைப்பட்டது. 350 சிசி புல்லட்டைத் தேர்ந்தெடுத்து 800 வண்டிகளுக்கு ஆர்டர் போனது. 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் ரெட்டிச் கம்பெனியும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூரில் தொழிற்சாலை வந்தது. முதலில் அங்கிருந்து வந்த பாகங்களை இங்கே பூட்டினார்கள். பிறகு அச்சுகளும் கருவிகளும் இங்கே வந்தன. 1962 வாக்கில் எல்லாப் பாகங்களும் இங்கேயே தயாராகின. ரெட்டிச் தொழிற்சாலை 1967இல் மூடப்பட்டது, 1970இல் இங்கிலாந்தில் அந்தத் தொழிலே நின்றது. நம் திருவொற்றியூரில் மட்டும் அதே வண்டி விடாமல் வந்துகொண்டிருந்தது. 1977இல் இங்கிருந்தே இங்கிலாந்துக்கு ஏற்றுமதி செய்தார்கள் என்றால் பாருங்கள்.

சிலிண்டரின் விட்டம் 70 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 90 மில்லிமீட்டர். அகலம் குறைவு, உயரம் அதிகம். அதனால்தான் அது அவசரப்படாமல், மெதுவாகச் சுற்றியும் பாரம் இழுக்கும். கியர் வலது காலில், பிரேக் இடது காலில். முதல் கியருக்கு மேலே தூக்க வேண்டும், மற்ற மூன்றுக்கும் கீழே அழுத்த வேண்டும். கிக்கரை உதைப்பதற்கு முன் டிகம்ப்ரஷரைப் பிடித்து, ஆம்ப் மீட்டர் முள் நடுவுக்கு வருகிறதா என்று பார்த்து, பிஸ்டனைச் சரியான இடத்தில் நிறுத்திவிட்டு உதைக்க வேண்டும். அந்த மரியாதையைக் கொடுக்காதவன் காலை அது திருப்பி உதைத்துவிடும்.

இதெல்லாம் ஒரு வெள்ளைக்காரச் சிப்பாய்க்கோ, வாரக் கடைசியில் கிராமத்துச் சாலையில் போகும் இளைஞனுக்கோ போதுமான வண்டி. கோடம்பாக்கத்துக் குடும்பத்துக்கு அது போதவில்லை. மீதியை நாங்கள்தான் செய்துகொண்டோம்.

ஏலத்தில் வந்த வண்டி

1976இல் அதை வாங்கினேன். அப்போது எனக்கு இருபத்தாறு வயது, தொலைபேசித் துறையில் வேலை. புது ஸ்கூட்டருக்குப் பெயர் பதிந்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்த காலம் அது. யாரோ அரசு ஏலத்தில் எடுத்த புல்லட், கைமாறிக் கைமாறி என்னிடம் வந்தது. ஓட்டுபவருக்கு மட்டும் ஸ்பிரிங் வைத்த தனி சேடில். பின்னால் வெறும் கேரியர். சர்க்கார் வண்டிக்குக் குடும்பம் ஏது?

முதல் மாற்றம் சீட்டுதான். தகரத்தில் அடிப்பலகை அடித்து, தேங்காய் நார் மெத்தை வைத்து, மேலே கறுப்பு ரெக்சின் தைத்து, இருவர் உட்காரும் நீளச் சீட்டு ஒன்றை ஆற்காடு ரோடு பக்கம் ஒரு சீட் கவர் கடையில் செய்துகொடுத்தார்கள். அடுத்தது கியர் லீவரின் நுனியில் ஒரு துண்டு டியூப் ரப்பர். ஷூ போடாமல் செருப்போடு வண்டி ஓட்டும் ஊர் இது. இரும்பு லீவரை மேலே தூக்கித் தூக்கிக் கால் பெருவிரல் நகம் கறுத்துவிடும். சைக்கிள் டியூபில் இரண்டு அங்குலம் வெட்டி மாட்டினால் முடிந்தது. அந்தத் தம்பி கழட்டச் சொன்ன 'ரப்பர்' அதுதான்.

பிறகு விளக்கு. பழைய வண்டிகளில் 6 வோல்ட் மின்சாரம். சிக்னலில் நின்றால் ஹெட்லைட் அகல் விளக்காகிவிடும். இதில் மட்டும் என் தொழில் அறிவு கைகொடுத்தது. 30 வாட் பல்பு 6 வோல்ட்டில் எரிய 5 ஆம்பியர் வேண்டும், 12 வோல்ட்டில் இரண்டரை ஆம்பியர் போதும். மின்னோட்டம் பாதியானால் பழைய ஒயரிலும் சுவிட்சிலும் வீணாகும் சக்தி கால்வாசியாகிவிடும். காயிலை ரீவைண்டிங் செய்து, ரெகுலேட்டரும் பேட்டரியும் மாற்றி, பல்புகளையும் ஹாரனையும் 12 வோல்ட்டுக்குக் கொண்டுவந்தோம். புதுப்பேட்டையில் ஒரு பாகம், ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் ஒரு பாகம் என்று பொறுக்கிச் சேர்க்க இரண்டு மாதம் ஆனது. அன்றிரவு கோடம்பாக்கம் பாலத்தின் மேல் விளக்கைப் போட்டுப் பார்த்தபோது ஏதோ நானே எடிசன் போல இருந்தது.

அக்கா விழுந்த நாள்

இதுவரை சொன்னதெல்லாம் சௌகரியம். இனிச் சொல்லப்போவது வேறு.

1977. பிரசவத்துக்குப் பிறகு அம்மா வீட்டில் இருந்த அக்காவை ஒரு சாயங்காலம் டாக்டரிடம் அழைத்துப்போனேன். குழந்தை வீட்டில் அம்மாவிடம். அக்கா எப்போதும் போல இரண்டு காலையும் இடது பக்கம் போட்டு உட்கார்ந்திருந்தாள். புல்லட்டில் சைலன்சர் வலது பக்கம், அந்த வரைக்கும் நல்லது, கால் சுடாது. ஆனால் சங்கிலியும் பல்சக்கரமும் இடது பக்கம். புடவை தொங்குவதும் அதே பக்கம்.

லிபர்ட்டி தியேட்டரைத் தாண்டியிருப்போம். பின்னாலிருந்து "டேய்" என்று ஒரே ஒரு சத்தம். வண்டி லேசாக இழுத்தது. நான் பிரேக் போட்டுத் திரும்புவதற்குள் அக்கா ரோட்டில் கிடந்தாள். முந்தானை ஸ்போக்ஸில் சுற்றி, சங்கிலிக்குள் போய் இறுகியிருந்தது. பின்னால் வந்த பஸ் டிரைவர் புண்ணியவான், நிறுத்திவிட்டார். பூக்கடைக்காரம்மா கத்தரிக்கோலோடு ஓடி வந்து புடவையை வெட்டி விடுவித்தார். இடது மணிக்கட்டில் எலும்பு முறிவு, நெற்றியில் நான்கு தையல். கழுத்தைச் சுற்றி வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அன்றிரவு முழுவதும் யோசித்துக்கொண்டிருந்தேன். ஒன்றரை மாதக் குழந்தையை ஒரு கையால் தூக்கிப் பால் கொடுத்தாள். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அம்மாதான் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

மறுநாள் காலை வண்டியைப் பவர் ஹவுஸ் பக்கம் இருந்த வெல்டிங் பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். ஓட்டிப்போக மனசு வரவில்லை. பட்டறை அண்ணன் ஸ்டுடியோக்களில் செட் வேலைக்கு இரும்புச் சட்டம் செய்துகொடுப்பவர். ஏ.வி.எம்., வாஹினி என்று வேலை இருக்கிற நாளில் அங்கே, இல்லாத நாளில் பட்டறையில். ஸ்போக்ஸில் இன்னும் ஒட்டியிருந்த நூலைப் பார்த்துவிட்டு நடந்ததைக் கேட்டார். பிறகு சொன்னார்: "தம்பி, இந்த வண்டிய வரைஞ்சவனுக்குப் புடவைன்னா என்னன்னே தெரியாது. அவன் மேல தப்பு இல்ல. நாமதான் வண்டிக்குச் சொல்லிக் குடுக்கணும்."

கால் அங்குலக் கம்பியை வளைத்து ஒரு சட்டம். நடுவில் விரல் நுழையாத நெருக்கத்தில் மெல்லிய கம்பிகள். சும்மா நேர்க்கம்பியாக வைக்காமல், ராஜா காலத்துப் படத்துக்கு அரண்மனை ஜன்னல் செய்வாரே, அதே வளைவில் இரண்டு கொடி மாதிரி வைத்துப் பற்றவைத்தார். அதன் கீழே இரண்டு பாதமும் சேர்த்து வைக்க நீளமான தகட்டில் ஃபுட் ரெஸ்ட். அதுவரை அக்கா ஒரு காலை ஃபுட் ரெஸ்ட்டிலும் மற்றொன்றை அந்தரத்திலும் வைத்துக்கொண்டு வந்திருக்கிறாள் என்பதையே அன்றுதான் கவனித்தேன்.

அந்த முதல் கார்டு இரண்டே மாதத்தில் விரிசல் விட்டது. காரணம் எளிது. அதன் மேல் முனையை வண்டிச் சட்டத்திலும் கீழ் முனையைச் சக்கரத்தோடு ஏறி இறங்கும் ஸ்விங் ஆர்மிலும் பூட்டிவிட்டோம். ஒவ்வொரு பள்ளத்திலும் ஒரு முனை நிற்க, மறு முனை ஆடியது. ஆடாத இடத்தில் மட்டுமே பூட்ட வேண்டும் என்று கற்றுக்கொண்டு, இரண்டாவது முறை இரண்டு முனையையும் சட்டத்திலேயே கிளாம்பு போட்டு மாட்டினார். அது இன்றுவரை அசையவில்லை. கூலி வாங்க மறுத்தவர், கம்பிக் காசு மட்டும் வாங்கிக்கொண்டார்.

அதன் பிறகு ஊரைப் பார்க்கும் கண்ணே மாறிவிட்டது. மாம்பலத்திலும் மயிலாப்பூரிலும் போகிற வண்டிகளில் எதற்குக் கம்பி வலை இருக்கிறது, எதற்கு இல்லை என்று பார்ப்பேன். பாதிக்கு மேல் தெருமுனைப் பட்டறை வேலைதான். ஒன்று போல இன்னொன்று இருக்காது.

மழையும் தண்ணீர்ப் பஞ்சமும்

நம் ஊருக்கு இரண்டே கவலை. ஒன்று தண்ணீர் வந்துவிட்டது, இல்லாவிட்டால் தண்ணீர் வரவில்லை. இரண்டுக்கும் வண்டியில் வைத்தியம் இருந்தது.

ஐப்பசி மழையில் துரைசாமி சப்வேயும் மேட்லி சப்வேயும் நிரம்பிவிடும் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. தண்ணீரில் வண்டி நிற்பது பெரும்பாலும் மின்சாரத்தால். பிளக் மூடியிலும் பாயிண்ட் மூடியிலும் ஈரம் புகுந்தால் பொறி வராது. சைக்கிள் டியூபில் ஒரு துண்டை பிளக் மூடிக்கு மேல் சட்டை போல இழுத்து மாட்டி, பாயிண்ட் மூடியின் விளிம்பில் கிரீஸ் தடவிவிடுவோம். முன் மட்கார்டின் கீழ் முனையில் பழைய லாரி டியூபில் வெட்டிய பட்டை ஒன்றைத் தரையிலிருந்து நான்கு விரல் உயரம் வரை தொங்கவிடுவோம். முன் சக்கரம் வாரியடிக்கும் சேறு எஞ்ஜின் மேலும் நம் கால் மேலும் தெறிக்காது. இதற்கு ஆன மொத்தச் செலவு ஒரு காபிக் காசு.

1983 கோடையில் குழாயில் காற்றுதான் வந்தது. லாரி வரும் தெருவுக்குக் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். அதே வெல்டிங் அண்ணன் இரண்டு பக்கமும் மடக்கி வைக்கக்கூடிய கொக்கி ஒன்று செய்துகொடுத்தார். பக்கத்துக்கு ஒரு பிளாஸ்டிக் குடம். குடத்துக்குப் பதினைந்து லிட்டர் என்றால் முப்பது கிலோ எடை. இதிலும் ஒரு பாடம் உண்டு. கொக்கியைக் கேரியரின் கடைசியில் வைத்தால் எடை பின் அச்சுக்குப் பின்னால் போய்விடும், முன் சக்கரம் லேசாகி ஹேண்டில் பார் ஆடும். அச்சுக்கு முன்னால், பின்னால் உட்காருபவர் தொடைக்குப் பக்கத்தில் எடை இருந்தால் வண்டி நேராகப் போகும். முதல் நாள் நான் கேரியர் முனையில் மாட்டித் திரும்பும்போது பாதித் தண்ணீர் தெருவுக்கும் மீதி என் முதுகுக்கும் போனது. அண்ணன் சிரித்துவிட்டுக் கொக்கியை ஒரு சாண் முன்னால் தள்ளி வைத்தார். அந்தக் கொக்கி 1993லும் உழைத்தது, 2003லும் உழைத்தது. இடைப்பட்ட காலத்தில் கேஸ் சிலிண்டர், அரிசி மூட்டை, கல்யாண வாழைக்குலை என்று அது சுமக்காத பொருள் இல்லை.

பெட்ரோல் டேங்க் மேல் கட்டிய சின்ன மெத்தையையும் சொல்ல வேண்டும். என் மகன் ஐந்து வயது வரை அதில்தான் உட்கார்ந்து பள்ளிக்கூடம் போனான். அப்போது அதில் தப்பு எதுவும் தெரியவில்லை. இன்று யாராவது அப்படிக் குழந்தையைக் கொண்டுபோனால் நிறுத்திச் சத்தம் போடுவேன். எல்லா மாற்றமும் புத்திசாலித்தனம் அல்ல.

ஜெட்டில் சொருகிய கம்பி

1973இல் அரபு இஸ்ரேல் யுத்தத்துக்குப் பிறகு பெட்ரோல் விலை ஏறியது நினைவிருக்கும். மைலேஜுக்காக ஆளாளுக்கு ஒரு வைத்தியம் சொன்னார்கள். அதில் ஒன்று, கார்புரேட்டரின் மெயின் ஜெட் துளைக்குள் ஒயரிலிருந்து பிரித்த ஒற்றைச் செம்புக் கம்பியைச் சொருகிவிடுவது. துளை சின்னதாகும், பெட்ரோல் குறைவாகப் போகும். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. நானும் செய்தேன்.

ஊருக்குள் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. ஒரு நாள் திண்டிவனம் போகும் வழியில் மதிய வெயிலில் வேகமாகப் போனபோது வண்டி திடீரென்று இறுகி, பின் சக்கரம் பூட்டிக்கொண்டு தேய்த்தபடி நின்றது. நல்லவேளையாகத் தனியாகப் போனேன். பிஸ்டன் சிலிண்டரைப் பிடித்துக்கொண்டது. சிலிண்டரை லேத்தில் ரீபோர் செய்து ஓவர்சைஸ் பிஸ்டன் போட வேண்டியதாயிற்று. ஒரு வருஷத்தில் மிச்சம் பிடித்திருக்கக்கூடிய பெட்ரோல் காசைப் போல மூன்று மடங்கு செலவு.

காரணத்தைப் பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். மெயின் ஜெட்டுக்கு வேலை வருவது ஆக்சிலரேட்டரை முக்கால் பங்குக்கு மேல் முறுக்கும்போதுதான். ஊருக்குள் கால்வாசி முறுக்கில் போகும்போது பெட்ரோலை அளப்பது ஊசியும் ஸ்லைடும். ஆகவே கம்பியால் ஊருக்குள் சேமிப்பே இல்லை. நெடுஞ்சாலையில், எஞ்ஜினுக்கு அதிகம் பெட்ரோல் தேவைப்படும் நேரத்தில், அது பட்டினி போட்டது. காற்றுக்குத் தகுந்த பெட்ரோல் இல்லாவிட்டால் எஞ்ஜின் கொதிக்கும். பெட்ரோல் எரிவதற்கு மட்டுமல்ல, ஓரளவு குளிர்விக்கவும் பயன்படுகிறது. சாரி கார்டுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அன்று புரிந்தது. அது கண்ணெதிரே நடந்த ஒன்றைத் தடுக்க, தெரிந்த வேலையைச் செய்தது. இது யாரோ சொன்னதைக் கேட்டு, புரியாத இடத்தில் கை வைத்தது.

மற்ற ஊர்க்காரர்கள்

நாங்கள் செய்தது சின்ன வேலை. வேறு ஊர்களில் இதைவிடத் துணிந்து செய்திருக்கிறார்கள். டில்லியில் உலகப் போரில் மிஞ்சிய ஹார்லி டேவிட்சன் மோட்டார் சைக்கிள்களின் முன்பாதியை வைத்து 'பட்பட்டியா' என்ற ஷேர் வண்டி செய்து பல வருஷம் ஓட்டினார்கள். மாசுக் கட்டுப்பாடு வந்தபோது, தொண்ணூறுகளின் இறுதியில் அவை போயின. குஜராத்தின் சௌராஷ்டிரப் பகுதியில் நம் புல்லட்டின் முன்பாதியோடு பின்னால் இரண்டு சக்கரமும் மேடையும் சேர்த்து 'சக்டா' வந்தது. கிராமத்து ஜனங்களும் நிலக்கடலை மூட்டைகளும் அதில்தான் போனார்கள்.

அதே குஜராத்தில், அம்ரேலி மாவட்டத்தில் மன்சுக்பாய் ஜகானி என்ற கிராமத்து மெக்கானிக் 1994இல் செய்தது எல்லாவற்றையும் மிஞ்சும். மழை பொய்த்த பகுதி, மாடு வாங்கிக் கட்டிக் காக்க முடியாத சிறு விவசாயிகள். அவர் புல்லட்டின் பின் சக்கரத்தைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் இரண்டு சக்கரமும் கலப்பை மாட்டும் சட்டமும் வைத்தார். உழவும், களையெடுப்பும், விதைப்பும் அதில் நடந்தன. 'புல்லட் சாந்தி' என்று பெயர். தேசியப் புத்தாக்க அறக்கட்டளை அதை வெளியுலகுக்குக் கொண்டுவந்தது, காப்புரிமையும் கிடைத்தது.

டீசல் விலை குறைவாக இருந்த காலத்தில் சிறு டீசல் எஞ்ஜினைப் புல்லட் சட்டத்தில் பொருத்தி ஓட்டியவர்களும் உண்டு. 1993இல் கம்பெனியே 325 சிசி டீசல் புல்லட் கொண்டுவந்தது. ஆறரைக் குதிரைத் திறன்தான், ஆமை வேகம், ஆனால் லிட்டருக்கு எழுபது கிலோமீட்டருக்கு மேல் போகும். புகை விதிகள் இறுகியபோது அதுவும் நின்றது. நம் ஊர் மீன்பாடி வண்டியை மறக்க முடியுமா? மிதிவண்டியாகப் பிறந்து, பழைய மோட்டார் சைக்கிள், ஸ்கூட்டர் எஞ்ஜின்களை மாட்டிக்கொண்டு, இரும்புக் கம்பியும் ஐஸ் பெட்டியும் ஏற்றிக்கொண்டு போலீஸ்காரர் இல்லாத தெருவாகப் பார்த்துப் போகிறதே, அதுவும் இந்தக் குடும்பம்தான்.

சட்டம் என்ன சொல்கிறது

அந்தத் தம்பி போன பிறகு, வழக்கறிஞராக இருந்து ஓய்வு பெற்ற என் நண்பரிடம் பேசிக்கொண்டிருந்தேன். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, பதிவில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில், கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில், தயாரிப்பாளர் கொடுத்த அமைப்புக்கு மாறாகச் செய்யக் கூடாது என்று உச்ச நீதிமன்றமும் உறுதியாகச் சொல்லிவிட்டது. காது கிழியும் சைலன்சரை மாட்டிக்கொண்டு நள்ளிரவில் ஆற்காடு ரோட்டில் போகிறவர்களை நினைத்தால் அது நல்ல தீர்ப்புதான்.

ஆனால் நண்பர் காட்டிய இன்னொரு விதி எனக்கு ஆச்சரியமாக இருந்தது. 1989 மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123ஆவது விதி. மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்காருபவருக்குப் பிடித்துக்கொள்ளக் கைப்பிடி வேண்டும், கால் வைக்க ஃபுட் ரெஸ்ட் வேண்டும், அவருடைய உடை சக்கரத்தில் சிக்காதபடி பின் சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் தடுப்பு வேண்டும். இது மூன்றும் வைத்துத்தான் வண்டியைத் தயாரிக்க வேண்டும்.

படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன். பவர் ஹவுஸ் பட்டறையில் 1977இல் ஒரு வெல்டர் சாக்பீஸால் தரையில் வரைந்து செய்த அதே வேலை, பன்னிரண்டு வருஷம் கழித்து நாட்டுக்கே விதி. அவர் ஒருவர் செய்ததைப் பார்த்து எழுதியதல்ல, தெரியும். ஊர் ஊராக எத்தனை பட்டறையில், எத்தனை அக்காக்கள் விழுந்த பிறகு, எத்தனை கம்பிகள் வளைந்திருக்கும். விதி வருவதற்கு முன் அந்த வேலையைச் செய்தவர்கள் இவர்கள்தான்.

இப்போது 'ஒரிஜினல் கண்டிஷன்' என்றால் என்ன? திருவொற்றியூரிலிருந்து புறப்பட்ட நாள் அந்த வண்டி எப்படி இருந்ததோ அதுவா? அப்படியானால் தனி சேடிலும் மங்கல் விளக்கும் திறந்த சக்கரமும்தான் ஒரிஜினல். மியூசியத்தில் வைக்க அது சரி. இந்த வண்டி உழைத்த நாற்பது வருஷம் அதில் இருக்காது. கழட்ட வேண்டியதை நானே எப்போதோ கழட்டிவிட்டேன். ஜெட் கம்பி போயிற்று, டேங்க் மெத்தை போயிற்று. மீதி இருப்பதெல்லாம் தேறி நின்றவை.

இருந்தாலும் வண்டியில் ரத்தம் சிந்தியவள் நான் இல்லையே. அக்காவுக்குப் போன் போட்டேன். இப்போது எழுபத்தொன்பது வயது, தாம்பரத்தில் மகள் வீட்டில் இருக்கிறாள். அன்று அம்மாவிடம் விட்டுப்போன அந்தக் குழந்தைதான் அந்த மகள். மழைக்காலத்தில் இடது மணிக்கட்டு இன்னும் வலிக்கிறதாம். ஒருவர் வண்டியைக் கேட்கிறார், ஆனால் சாரி கார்டைக் கழட்டிவிடுவாராம் என்று சொன்னேன்.

"வண்டிய குடுத்துடுடா, உனக்கும் வயசாச்சு" என்றாள். கொஞ்சம் நிறுத்திவிட்டு, "ஆனா அதை எதுக்குக் கழட்டணும்? அவன் பொண்டாட்டி புடவையே கட்ட மாட்டாளா?" என்றாள்.

தம்பி அடுத்த ஞாயிறு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். விலையை அவர் சொன்னபடியே வைத்துக்கொள்ளலாம். 123ஆவது விதியை ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறேன். அதைப் படித்த பிறகும் கழட்டத்தான் வேண்டும் என்றால், வண்டி இன்னும் கொஞ்ச நாள் மாடிப்படிக்குக் கீழேயே இருக்கட்டும்.